தாய்ப்பத்திரம் இல்லாத கட்டுரை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். என் மானம் மட்டும் இந்த வாரம் சற்றுச் சுகமில்லாமல் இருக்கிறது. அங்கே நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், உங்கள் அத்தை காதில் விழுந்துவிடும் என்றுதான் கடிதம்.

ஓய்வு பெற்றபின் நான் அஞ்சல்வழியில் இலக்கிய எம்.ஏ. சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். ‘பழைய அகப்பாடல்களில் காத்திருக்கும் பெண்’ என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும், அது தேறினால்தான் பட்டம். போன முறை வந்தபோது, கல்லூரி நூலகர் அல்லவா நீங்கள், இலவச மின்நூலகம், ஆய்விதழ்த் தளம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் காட்டிவிட்டு, "எதை எடுத்தாலும் மூலம் பாத்து எடுங்க மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து தலை நரைத்தவனிடம் சொல்கிற பேச்சா அது? மூலத்தைச் சொல்லும் தாய்ப்பத்திரம் காட்டாமல் ஒரு துண்டு நிலம்கூட என் மேசையைத் தாண்டிப் போனதில்லை.

நீங்கள் ஊருக்குக் கிளம்பியதும் உட்கார்ந்தேன். தேடும் பெட்டியில் ‘காத்திருக்கும் பெண்’ என்று போட்டேன். வந்ததெல்லாம் கல்யாணத் தரகுத் தளங்கள். அன்றிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்தாலே பெண்கள் படத்தோடு வரிசையில் நிற்கிறார்கள், எல்லோரும் எனக்காகத்தான் காத்திருப்பதாக எழுதியிருக்கிறது. உங்கள் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆராய்ச்சி ஜோரா நடக்குது போல" என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி, மின்நூலகத்துக்குள் போனேன். தேடிய பழைய உரைநூல் கிடைத்தது, பக்கமும் கிடைத்தது, ஆனால் படமெடுத்த புண்ணியவான் புத்தகத்தை அழுத்திப் பிடித்ததில் எனக்கு வேண்டிய வரியின்மேல் அவருடைய கட்டைவிரல். இடது கட்டைவிரல். காலமெல்லாம் கைநாட்டு பார்த்தவன் சொல்கிறேன், நல்ல தெளிவான ரேகை, ஆனால் அதை மேற்கோள் காட்ட முடியாதே. பிறகு ஓர் அருமையான கருத்தை ஒரு கட்டுரையில் பிடித்தேன். மூலம் எங்கே என்று பார்த்தால் அது இன்னொரு கட்டுரையைக் காட்டியது, அது மற்றொன்றைக் காட்டியது, அந்த மற்றொன்று திரும்பி முதல் கட்டுரையையே காட்டியது. ஒரே மனையைப் பங்காளிகள் தங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி விற்றுக்கொண்டு கடைசியில் வங்கியில் அடமானம் வைக்க வந்த கதைதான். அது நிலப் பத்திரமாக இருந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கடைசியில் நீங்கள் காட்டிய ஆய்விதழ்த் தளந்தான் கைகொடுத்தது. அதில் எடுத்த மேற்கோள் ஒவ்வொன்றையும் அச்சுப் புத்தகத்தோடு வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். தட்டச்சு எனக்குக் கைவராத வித்தை, ஆகவே போனைக் கூடத்து மேசையில் நிறுத்திவைத்து, அதன் எதிரே உலாவிக்கொண்டே கட்டுரையை வாயால் சொன்னேன். சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்கொண்டு போனது. என் சொந்த வாக்கியங்களைத் திரும்பப் படிக்கவில்லை. அவற்றுக்கு மூலம் நான்தானே, எதோடு வைத்துச் சரிபார்ப்பது? உங்கள் அத்தை அப்போதெல்லாம் சமையலறையில்தான் இருந்தாள். இந்தக் கட்டுரையில் அவளுக்கு எள்ளளவும் பங்கில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இனிமேல்தான் வினை. எழுதி முடித்த ஆவணத்தைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு தளத்தில் ‘உங்கள் கட்டுரையை இங்கே பதிவேற்றுங்கள்’ என்று போட்டிருந்தது. ஆகா, இணையத்திலும் நம் அலுவலகம் இருக்கிறதே என்று அங்கே ஒரு பிரதியைப் பதிந்தேன். பெயர் கேட்டது, என் பெயரை ஏற்கெனவே எவனோ வாங்கிவிட்டானாம், அதனால் ‘தலைமை எழுத்தர்’ என்று கொடுத்தேன். பிறகு நிம்மதியாகக் கட்டுரையை வழிகாட்டிப் பேராசிரியைக்கு அனுப்பினேன். நம் மகளைவிடச் சின்னப் பெண், மரியாதை தெரிந்தவர். அவர் போன் செய்து, "சார், மனசு கஷ்டமா இருக்கு. திருட்டு கண்டுபிடிக்கிற மென்பொருள்ல போட்டேன். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு காப்பின்னு சொல்லுது. தலைமை எழுத்தர்னு ஒருத்தரு எழுதுனதை அப்படியே எடுத்திருக்கீங்க" என்றார். மீதி இரண்டு விழுக்காடு என்ன தெரியுமா மாப்பிள்ளை? என் பெயரும் முகவரியும்.

"அம்மா, அந்தத் தலைமை எழுத்தரே நான்தாம்மா" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க. நிரூபிங்க" என்றார். அந்தத் தளத்தின் கடவுச்சொல் மறந்துவிட்டது. மேலிடத்தில் விசாரணை வைக்கப் போகிறார்களாம். என் பேச்சு அங்கே எடுபடாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் போனால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. எத்தனையோ ஆயிரம் பேர் சொத்தை அவரவர் பெயரில் எழுதிப் பதிந்து கொடுத்தேன். நானாக யோசித்து, என் பெயரில் எழுதியது இது ஒன்றுதான். அதையும் திருட்டுச் சொத்து என்கிறார்களே.

ஆகவே, இந்தக் கட்டுரையை மாமா சொந்த வாயால் சொல்லக் கண்ணால் கண்டேன் என்று உங்கள் கல்லூரி முத்திரையோடு ஒரு சான்றுக் கடிதம் உடனே அனுப்பி உதவ வேண்டும். நீங்கள் கண்ணால் காணவில்லைதான். என் மேசைக்கு வந்த பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் எதையும் கண்டவர்களில்லை. உங்கள் அத்தைக்கு மூச்சு விட வேண்டாம். மகளுக்கு என் அன்பு. இருவரும் எந்த வில்லங்கமும் இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: சான்றுக் கடிதம் வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது பேராசிரியை மறுபடி கூப்பிட்டார். விசாரணை என்றைக்கு என்று நான் கேட்டுக்கொண்டிருக்கையில் உள்ளேயிருந்து உங்கள் அத்தை, "எவ்வளவு நேரந்தான் காத்துக்கிட்டிருக்கிறது? சாப்பாடு ஆறிப்போச்சு, வாங்க!" என்று குரல் கொடுத்தாள். போனில் ஒரே சிரிப்பு. "சார், இதே வாக்கியம் உங்க கட்டுரை நடுவுல இருக்கு. அந்தத் தலைமை எழுத்தர் கட்டுரையிலயும் இருக்கு. ஏதோ பாட்டோட உரைன்னு நெனச்சு, மூலம் எங்கேன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். ரெண்டும் உங்க வீட்டுல எழுதினதுதான், நான் நம்புறேன். விசாரணையெல்லாம் வேண்டாம். ஆனா அந்த வரியை எடுத்துடாதீங்க, அடிக்குறிப்பு மட்டும் போட்டு அனுப்புங்க. கட்டுரையிலயே நல்ல வரி அதுதான்" என்றார்.

போய்ப் பார்த்தேன் மாப்பிள்ளை. ஓரிடத்தில் மட்டும் இல்லை, அநேகமாகப் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. நான் கூடத்தில் உலாவிக்கொண்டு காத்திருக்கும் பெண்ணைப் பற்றிப் பேசிய நாளெல்லாம் போன் அவளையும் சேர்த்து எழுதியிருக்கிறது, எனக்குத்தான் காதில் விழவில்லை. எள்ளளவும் பங்கில்லை என்று மேலே எழுதியதை ரத்து செய்கிறேன். அடிக்குறிப்புகளில் உங்கள் அத்தையின் பெயரைப் போட்டுவிட்டு, ஒரு சம்மதக் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினேன். முதலில் தட்டின் முன்னால் வந்து உட்காரச் சொல்கிறாள். இத்துடன் நிறுத்துகிறேன், சாப்பாடு ஆறுகிறது.