இடப்பக்கம் போகும் அம்புகள்

அம்பு மாற்றிகள் என்றோர் இனம் உண்டு. நீங்கள் சந்திக்காமலா இருப்பீர்கள்? சோறு குழைந்தால் அரிசிக் கடையை மாற்றுவார்கள், படம் மங்கினால் போனை மாற்றுவார்கள், பிள்ளைக்குக் கணக்கு ஓடாவிட்டால் மேசை விளக்கை மாற்றுவார்கள். தங்கள் கையை மட்டும் மாற்றமாட்டார்கள்.

இந்த இனத்தில் பழுதற்ற மாதிரி ஒன்று வேண்டுமானால், புதன்கிழமை பின்னேரம் குளிர்தேசத்து வைலே நகரில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்கு வாருங்கள். வெளிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் பேச்சு விழும். அங்கே மரவில்லோடு நிற்கிறார் பாருங்கள், அவர்தான் கோணேஸ்வரன். பகலில் யன்னல் தொழிற்சாலையில் வேலை. ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் கண்ணாடியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருடைய அம்பு இடப்பக்கம் போகும். எப்போதும். வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் போனால் அம்பின் தண்டு விறைப்பு அதிகம் என்று இணையத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது பித்து. கொஞ்சம் வளைகிற அம்பு வாங்கினார். அதைவிட வளைகிற அம்பு வாங்கினார். முனை பாரமானது, முனை இலேசானது என்று வாங்கிக்கொண்டே போனார். தபாலில் வரும் பொதியை எடுக்கும் சுப்பர்மார்க்கெட்டில் இவர் தலை தெரிந்ததுமே அங்கே வேலை செய்யும் பெண் நீளப் பெட்டியைத் தேடப் போய்விடுவாள். இப்போது ஐந்து வகை, வகைக்கு ஆறு, எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு இறகு. எது எதுவென்று அறிய ஒவ்வொரு தண்டிலும் பென்சிலால் விறைப்பு இலக்கம்.

பலன்? இடப்பக்கம்.

அந்த வில்வித்தைக் கழகத்தில் இன்னொரு தமிழ் ஆள் நிரோஜா, முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணை, நாணை விடேக்கை உங்கட கை வெளியால பறக்குது. தாடையோட ஒட்டிப் பின்னுக்கெல்லோ போகவேணும்."

"அது தெரியும் பிள்ளை. ஆனா இந்த அம்பு கொஞ்சம் விறைப்பு."

"போன கிழமையும் இதைத்தானே சொன்னனீங்கள்?"

"அது போன கிழமை அம்பு."

நிரோஜா தன் வில்லைப் பார்க்கத் திரும்பினாள்.

ஆனால் இந்த முறை விசயம் விளையாட்டில்லை. விபோர்க் நகரில் நடக்கும் போட்டிக்குக் கழகம் மூன்று பேரைத் தெரிவுசெய்கிறது. விபோர்க்கில் இருப்பவர் மச்சான் சிறீஸ்கந்தராசா. தெரிவு நடக்கும் முன்பே கோணேஸ்வரன் அவருக்குப் போன் எடுத்து, "மச்சான், விபோர்க்குக்கு வாறன், வில்லோட!" என்று சொல்லிவிட்டார். மச்சான் சும்மா இருப்பாரா? கைதட்டுவதற்கு இரண்டு கார் சனம் ஆயத்தம். மூன்றுக்குள் வராவிட்டால் எந்த முகத்தோடு போவது?

தெரிவுக்கு முதல்நாள் வீட்டில் வாணிவிழா, அதுதான் சரஸ்வதி பூசை, முடிந்தது. புத்தகங்கள், மடிக்கணினி, தையல் மெசின் என்று படைத்த வரிசையில் முப்பது அம்புகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்தியோடு சந்தனப் பொட்டு வைத்திருந்தார், சரியாக இலக்கத்துக்கு மேலேயே. மறுநாள் காலை அம்புகள் பளபளத்தன.

"சாரங்கா! இலக்கங்கள் எங்கை?"

"என்ன இலக்கம்? ஒரே ஊத்தையெல்லோ. ஈரத்துணியால வடிவாத் துடைச்சிருக்கிறன்," என்றாள் மனைவி.

முப்பதையும் வளைத்து வளைத்துப் பார்த்தார். யன்னலில் மில்லிமீற்றர் பிடிக்கிற மனிதருக்கு ஒரு வித்தியாசமும் பிடிபடவில்லை. கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு போனார்.

முதல் ஆறு அம்புகள். ஆறும் கைகோர்த்த மாதிரி இடப்பக்கம் நின்றன.

"இதில எது அண்ணை விறைப்பு? எது வளையிறது?" என்று கேட்டாள் நிரோஜா.

"ஆருக்குத் தெரியும்!"

"எல்லாம் கலந்து கிடக்கு, ஆனா எல்லாம் ஒரே இடத்துக்குத்தானே போகுது. அப்ப ஆரில பிழை?"

அவர் வாயைத் திறந்தார். குறை சொல்ல ஓர் அம்பு வேண்டும்; எந்த அம்பைச் சொல்வது? இந்த இனத்தின் வாழ்க்கையில் இப்படியொரு கணம் வருவது அபூர்வம். அடுத்த அம்பை நாணில் பூட்டினார். வேறு வழியில்லாமல் கையைத் தாடையோடு ஒட்டி இழுத்தார். விரல்கள் தளர்ந்தன. நாண் தானாக வழுக்கிப் போனது.

நடு.

அடுத்ததும் கிட்டத்தட்ட நடு. கடைசியில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் மூன்றாம் இடம்! மண்டபமே கைதட்டியது.

"பாத்தீங்களே அண்ணை, கைதான்!" என்று துள்ளினாள் நிரோஜா.

கோணேஸ்வரன் இலக்கிலிருந்து அம்புகளைப் பிடுங்கினார். ஓர் அம்பின் இறகடியில் துணிக்குத் தப்பிய மஞ்சள் துணுக்கு ஒன்று. மூக்கருகே கொண்டுபோனார். கண்கள் விரிந்தன. போனை எடுத்தார்.

"சாரங்கா, அந்தச் சந்தனம் எந்தக் கடையில வாங்கினனீர்? விபோர்க் போகமுதல் இன்னும் ரெண்டு பெட்டி வேணும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இதை வாசிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவரின் முகம் நினைவுக்கு வந்திருக்குமே, மைத்துனரோ, மேலாளரோ, கட்டிய துணையோ? யாராக இருந்தாலும் பரவாயில்லை. அந்த அம்பு இடப்பக்கம் போய்விட்டது. இலக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கும் கதிரையில்தான்.