நின்றுபோன இதயமும் அரை முகச் சவரமும்

பேரன்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லாரும் சுகம். குடல்வாலுக்கு மட்டும் கண்டம். பதறாதீர்கள், அந்தக் குடல்வால் நான்தான்.

எங்கள் உயிரியல் டீச்சர் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, ஆளுக்கு ஓர் உடலுறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். உறுப்பினர் என்ற சொல்லுக்கு அன்றுதான் முழு அர்த்தம் கிடைத்தது. குழுவில் அந்த உறுப்பாக மட்டுமே பேச வேண்டும். முதல் மதிப்பெண்காரி கல்லீரல், இரட்டைச் சகோதரிகள் சிறுநீரகங்கள், கடைசிப் பெஞ்சு நெட்டையன் இதயம், எனக்குக் குடல்வால். என்ன வேலை டீச்சர் என்று கேட்டால், "சும்மா இரு, அதான் உன் வேலை" என்றார். என்னிடம் போய் இதைச் சொல்லலாமா? மணிக்கொரு தரம் "நான் வீங்குகிறேன்" என்று போட்டுக்கொண்டிருந்தேன். இரைப்பை "அமிலம் ஊத்தியாச்சு, அடுத்து யாரு?" என்று கேட்க, சிறுகுடல் "நான் இன்னும் பல்லே தேய்க்கல" என்று பதில் போட, கணையம் அதைக் கிழிகிழியென்று கிழிக்க, இதில் வேதனை என்னவென்றால் மாமா, பாடம் புரிந்து தொலைத்துவிட்டது. தூங்குமூஞ்சி மண்ணீரல்கூட வகுப்பில் எழுந்து நின்று சரியான பதில் சொல்கிறான்.

போன சனிக்கிழமை நெட்டையன் இரண்டு மணி நேரமாகக் குழுப் பக்கமே வரவில்லை. கடமை தவறாத நான், "இதயம் ரெண்டு மணி நேரமா துடிக்கல, யாராவது அவன் வீட்டுக்கு ஓடுங்க" என்று போட்டேன். நுரையீரல் சும்மா இருக்குமா, "மூச்சும் இல்ல" என்று தன் பங்குக்குப் போட்டது. நெட்டையன் பயன்படுத்துவது அவன் அப்பாவின் போன் என்பதும், அன்று அவர் அதைத் தம் சலூனுக்குக் கொண்டுபோயிருந்தார் என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியும்? செய்தியைப் படித்த மனிதர் சவரக் கத்தியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓட, ஒரு கன்னம் மழித்து மறு கன்னம் நுரையோடிருந்த வாடிக்கையாளரும் கழுத்துத் துண்டோடு பின்னாலேயே ஓடினாராம். வாசலில் நெட்டையன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். "ஏம்பா, கடைய மூடிட்டியா?" என்று கேட்டவன், பின்னால் வந்த நுரையைப் பார்த்துதான் பம்பைக் கீழே போட்டிருக்கிறான். அந்த நுரை எங்கள் தலைமையாசிரியர்.

திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது. குழுவை வெள்ளிக்கிழமையோடு கலைக்க வேண்டும், அன்று பத்து மணிக்குக் குடல்வாலின் அப்பா வர வேண்டும். டீச்சர் மட்டும், "தப்பு என்னுது சார், நான்தான் பிரிச்சுக் கொடுத்தேன்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னால் மயக்க மருந்து இல்லாமலே குடல்வாலை எடுத்துவிடுவார். ஆகவே நீங்கள்தான் என் அப்பாவாக வர வேண்டும். மீசை இருக்கிறது, கண்ணாடி மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். என்னை எவ்வளவு திட்டினாலும் தலையாட்டுங்கள், குழுவை மட்டும் மூட விடாதீர்கள். அறுவை இல்லாமல் உடம்பைத் திறந்து காட்டிய ஒரே வகுப்பு அது.

அத்தைக்கு வணக்கம், குட்டிப்பயலுக்கு முத்தம். உங்கள் ஆசியை, முடிந்தால் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேரில், எதிர்பார்க்கும்

அக்கா மகள்

பி.கு.: வர வேண்டாம் மாமா. மடிப்பதற்குள் அப்பா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "உங்க மாமன் பத்தாவது படிக்கையில அவனுக்கு அண்ணன்னு சொல்லி மூணு தடவை நான்தான் போய் நின்னேன். இதுக்கும் நானே வர்றேன், குழுவுக்கும் நானே பேசறேன். உள்ள போனதும் நீ சிரிக்காம நில்லு, அது போதும். அவன் சிரிச்சுதான் ஒரு தடவைல முடிய வேண்டியது மூணாச்சு" என்றார்.