டிஸ்ப்ளே கடையில் என் மானம் போன கதை

வருகிறவர்களைத் திட்டி அனுப்புவதற்கென்றே கடை திறந்து வைத்திருக்கும் மனிதர், எனக்குத் தெரிந்து இந்தச் சென்னையில் டிஸ்ப்ளே ஒருவர்தான். மந்தைவெளியில் செல்போன் ரிப்பேர் கடை. எந்தப் போனை நீட்டினாலும் கையில்கூட வாங்காமல், "டிஸ்ப்ளே பூட்ச்சு" என்பார். சார்ஜ் ஏறவில்லை என்றாலும் அதே பதில்தான். அவருடைய நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

உடைந்த போனிடம் பொறுமையாகத்தான் இருப்பார். பெற்றோர்களைக் கண்டால்தான் ஆகாது. பிள்ளையின் போனுக்குப் பூட்டு போட வேண்டும் என்று யாராவது வந்தால், "மொதல்ல உன் போன எடுத்து இந்தக் கண்ணாடி டேபிள் மேல வை" என்பார். அது அந்தக் கடையின் சட்டம்.

ஒருநாள் நான் போன் கவர் மாற்றப் போயிருந்தபோது, அடையாறிலிருந்து ஒரு பேங்க் அதிகாரி வந்திருந்தார். மகன் என்ன பார்க்கிறான் என்று கண்காணிக்க ஒரு ஆப் போட்டிருக்கிறாராம். ஆனால் பையன் இருபத்து நாலு மணி நேரமும் கணக்குப் பாடம் பார்ப்பதாகவே அது காட்டுகிறதாம்.

"ஆப்ப யாரு சார் போட்டுக் குடுத்தா?"

"பையன்தான். எனக்கு இதெல்லாம் எங்க வருது?"

"பாஸ்வேர்டு?"

"அதுவும் அவனுக்குத்தான் தெரியும்."

டிஸ்ப்ளே ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பெரிய கும்பிடாகப் போட்டார். "சார், நீ போய் புள்ள பக்கத்துல குந்திக்கினு, இன்னாடா பாக்குறன்னு வாயால கேளு. போ."

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

போன வருஷம் நவராத்திரி முடிந்து ஒரு மாதம் இருக்கும். பத்தாவது படிக்கும் என் மகள் மது ஆளே மாறிப்போனாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. போன் லேசாக அதிர்ந்தாலே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டால், "ஒண்ணுமில்ல." பெற்ற வயிறு பொறுக்குமா? அவள் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துக்கொண்டு டிஸ்ப்ளேயிடம் ஓடினேன்.

"இந்த லாக்க எடுங்க."

"யாருதுக்கா?"

"என் பொண்ணோடது. அவளுக்குத் தெரியாது."

"அப்ப எடுக்க மாட்டேன்."

"நான் வாங்கிக் குடுத்த போன்ங்க இது!"

"சோறுகூட நீதான் போட்ற. அதுக்கோசரம் வயித்தக் கிழிச்சுப் பாப்பியா?"

நாலு பேர் நிற்கிற கடையில் இப்படியா பேசுவது? "என் பொண்ணுக்கு என்னமோ ஆபத்து, உங்களுக்கு வெளாட்டா இருக்கா?" என்று கத்தினேன். அந்த ஆள் அசரவில்லை. கண்ணாடி டேபிளைத் தட்டிக் காட்டினார். வேறு வழியில்லாமல் என் போனைத் திறந்து வைத்தேன்.

நான் படமும் செய்தியும் போடும் சோஷியல் மீடியா பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனவர், ஒரு இடத்தில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார். "'எங்க வீட்டுக் கொலுவுக்கு எல்லாரும் வரணும்.' எல்லாரும்னா யாருக்கா? ஊர்ல கீற அத்தினி பொறுக்கியுமா?"

கதவு எண், மூன்றாவது மாடி, லிஃப்டுக்கு எதிர் வீடு. பக்கத்திலேயே பட்டுப்பாவாடையில் மது. அவள் பெயர், பள்ளிக்கூடம், பாட்டு கிளாஸ் போகும் நேரம் எல்லாவற்றையும் பெருமை பிடிபடாமல் நானே எழுதியிருந்தேன்.

"சுண்டல் மிச்சம் இருக்கா மேடம்?" என்றார் சார்ஜர் வாங்க வந்த ஒருவர். டிஸ்ப்ளே முறைத்த முறைப்பில் சார்ஜர் வாங்காமலே போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெற்றிலை பாக்குக்கு நாலு பேரைக் கூப்பிடுவது ஒரு குற்றமா? எவனோ ஒருத்தனுக்குப் பயந்து வீட்டு விசேஷத்தை ஒளித்து வைக்க வேண்டுமா? இன்றைக்கும் கேட்பேன். ஆனால் அந்த நிமிஷம் போனை என் பக்கம் திருப்பி, அந்த வரிகளை நானே மறுபடி படித்தேன்.

"ஏதாச்சும் தப்பு பண்ணா போனப் புடுங்கிடுவேன்னு சொல்லிக்கீறியா?" என்றார்.

"தினமும் சொல்றேன்."

"அப்ப அது எப்டிக்கா உங்கையில சொல்லும்? போ, போன அது கையில குடு. புடுங்க மாட்டேன்னு சொல்லு. அப்பால கேளு."

அப்படியே செய்தேன். கேட்காமல் எடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். மது என் மடியில் விழுந்து அழுதாள். எவனோ ஒருவன் அவள் வயதுப் பெண்ணைப் போலப் பேசிப் பழகியிருக்கிறான். பிறகு, 'மூணாவது மாடி, லிஃப்டுக்கு எதிர் வீடு, எல்லாம் தெரியும். கேக்குற போட்டோவ அனுப்பு' என்று மூன்று வாரமாக மிரட்டல். குழந்தை எதையும் அனுப்பவில்லை. சொன்னால் திட்டும் விழும், போனும் போகும், சிநேகிதிகளும் போவார்கள் என்று ஒற்றையாகப் பயந்து செத்திருக்கிறாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். டிஸ்ப்ளே அந்தச் செய்திகளைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எதையும் அழிக்காத பாப்பா. ஒண்ணு விடாம ஸ்க்ரீன்ஷாட் எடு. அப்பால பிளாக் பண்ணு" என்று சொல்லச் சொல்ல மதுவே செய்தாள். உடனே ஷட்டரை இறக்கிவிட்டு, சைபர் போலீஸில் புகார் கொடுக்க எங்கள் ஆட்டோவோடு ஸ்கூட்டரில் வந்தார். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் ஆட்டோவை ஒட்டி நிறுத்தி என்னைத் திட்டினார். மதுவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு அவனைப் பிடித்துவிட்டார்கள்.

போன வாரம் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது மது வந்தாள். "அம்மா, யாரோ ரெண்டு நாளா மெசேஜ் பண்றாங்க. யாருன்னு தெரியல. நீ பாரேன்" என்று போனை அவளாகவே நீட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மரியாதை தெரியாத மனிதர் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்ததுமே கண் கலங்கிவிட்டது. அவரிடம் போய்ச் சொன்னால், அதற்கும் நாலு பேர் எதிரில் திட்டுவார்.