என்னை விட்டுவிட்டு எல்லாரும் பரலோகம் போன ஞாயிறு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஓ.எல் பரீட்சையில் தமிழையே தட்டுத்தடுமாறித் தாண்டியவன் நான், எனக்கெதற்கு எழுத்து? ஆனால் என் கூட்டாளி எபி இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அதில் நான் கொஞ்சம் கூடுதலாக அழுகிறேன். இப்படியே விட்டால் அடுத்த நத்தார் பண்டிகைக்குள் மயங்கியே விழுந்துவிடுவேன். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நோர்வூட் டவுனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு தகரக் கூரை ஜெபவீடு இருக்கிறது. வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா ஒரு ஞாயிறும் தவறமாட்டார். எபி அங்கே கிட்டார் வாசிப்பான். நான் கூட்டம் முடியும் நேரமாகப் பார்த்துப் போவேன் (தேத்தண்ணியும் பணிசும் அப்போதுதான் வரும்).

இயேசு திரும்பி வருவார், நம்புகிறவர்களை ஒரு நொடியில் மேலே எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கீழே நிற்பார்கள் என்று பாஸ்டர் விடாமல் சொல்வார். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேர் மறைந்துபோவார்களாம்.

"அப்ப அன்னைக்கு அவங்களுக்கு அரைப் பேரா, முழுப் பேரா பாஸ்டர்?" என்று கேட்டேன். (அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம்.)

பாஸ்டர் கோபிக்கவில்லை. "நீ கீழதானே நிப்ப தம்பி. கணக்கப்பிள்ளைகிட்ட நீயே கேட்டுக்க."

அம்மாதான் முறைத்தார். "சிரி, சிரி. ஒருநாளைக்கு வந்து தேடுவ, நான் இருக்க மாட்டேன்."

அந்த ஞாயிறு மழை விட்டு பனிமூட்டம் இறங்கியிருந்தது. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜெபவீட்டுக்கு ஏறினேன். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன, அம்மாவின் நீலச் செருப்பும்தான். உள்ளே ஒருவரும் இல்லை. நாற்காலியில் கிட்டார் சாய்ந்திருந்தது. கோப்பைகளில் ஆவி பறந்தது. யாரோ பாதி கடித்த பணிஸ் ஒன்று தட்டில் கிடந்தது.

பணிசைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் எங்கள் தோட்டத்தில் கிடையாது. அதுவும் செருப்பைக்கூட மாட்டாமல்.

காதில் கிடந்ததைப் பிடுங்கிவிட்டு, "அம்மா" என்று கூப்பிட்டேன். மூட்டம்தான் உள்ளே வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எபி ஊதிப் பெருக்குகிறான். மண்டியிட்டது உண்மை. பிரசங்க மேசையைப் பிடித்துக்கொண்டு இவ்வளவுதான் சொன்னேன்: "ஆண்டவரே, நான் சும்மா வெளாட்டுக்குத்தான் பேசினேன். என்னையும் ஏத்திக்கங்க. முடியாட்டி எங்கம்மாவ மட்டும் எறக்கி விட்டுருங்க. அவங்கள விட்டா எனக்கு யாருமில்ல."

மேசைமேல் இருந்த மைக்கை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. கூரைமேல் இருந்த ஸ்பீக்கர் கீழ் லயத்து வீடுகளைப் பார்த்தபடி இருந்தது.

கீழேயிருந்து அம்மாவின் குரல் ஏறி வந்தது. "டேய், நான் இங்கதான்டா இருக்கேன். மைக்க நிப்பாட்டிட்டு எறங்கி வா, சாமான் தூக்கணும்."

பின்கதவு வழியாகச் சறுக்கிக்கொண்டே இறங்கினேன். கீழ் லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்து, கடைசி வீட்டுச் சுவர் வெடித்திருந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தவர்கள் சத்தம் கேட்டதும் முன்வாசல் செருப்பைத் தேடாமல் பின்பக்கமாக ஓடியிருக்கிறார்கள்.

அது செல்லம்மா அக்காவின் வீடு. ஜெபவீட்டு ஸ்பீக்கர் காதைக் கிழிக்கிறது என்று தோட்டத்து ஆபீஸ் வரை போய் முறையிட்டவர். இப்போது அவருடைய அரிசி மூட்டை அம்மாவின் தலையில் இருந்தது, கோழிக்கூடு எபியின் தோளில். பாஸ்டர் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி, சேறு படாமல் அக்காவின் மாரியம்மன் படத்தைச் சுற்றி, பனியனோடு குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார். எல்லார் காலிலும் அட்டை.

உலகம் முடியப்போகிறது என்று வாரம் தவறாமல் பேசுகிறவர்கள், அந்த வீட்டில் ஒரு கரண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. நானும் அலுமாரியின் ஒரு முனையைப் பிடித்தேன்.

அழுதுகொண்டிருந்த செல்லம்மா அக்கா என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏன் தம்பி, ஒன்னைய ஏத்தாமயே போயிட்டாங்களா?" லயமே சிரித்தது.

இன்றைக்கும் அம்மா கடைக்குக் கிளம்பினால் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார்: "நோர்வூட்டுக்குத்தான் போறேன். மேல இல்ல."

ஒன்று மட்டும் எனக்குள் கிடந்து குடைந்தது. போன வாரம் எபியிடம் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு நெசமாவே இயேசு வந்திருந்தா என்னடா செஞ்சிருப்பீங்க? எல்லாரும் சேத்துல, ஆளுக்கொரு மூட்டையோட."

எபி கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னான்: "அவருக்கும் ஒரு மூட்டையக் குடுத்திருப்போம்."