ஆகஸ்ட் மட்டும் தெரிந்த மைக்செட்டு

அந்த வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் பொய் சொல்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர்க்கூட்டத்தில் காணாமல்போன என் மகளைத் தன் சங்கம்தான் மீட்டது என்று சமீபத்தில் மேடையேறிப் பேசியிருக்கிறார். மீட்டது சங்கம் இல்லை, மைக்செட்டு.

உலகத்தில் நடந்தது எல்லாமே ஆகஸ்டில்தான் நடந்தது என்று நம்பிய ஒரே மனிதருக்கு ஊர் வைத்த பெயர் அது. எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து மைக்கும் ஒலிபெருக்கிக் குழாயும் வாடகைக்கு விட்டார். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்குத் தெரிந்திருக்கலாம். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று சொல்லும் ஒரு புத்தகம் பழைய பேப்பர் கடையில் அவருக்குக் கிடைத்தது. அதில் ஆகஸ்ட் மட்டும்தான் மிச்சம். மற்ற மாதங்கள் கடலைப் பொட்டலமாகப் போய்விட்டன. மிஞ்சியதை மனிதர் மனப்பாடம் செய்துவிட்டார்.

"டிசம்பர்ல ஒண்ணுமே நடக்கலையாண்ணே?" என்று கேட்டேன்.

"என்னத்தல நடக்கும்? அம்புட்டுப் பயலும் குளிருக்குப் போத்திப் படுத்திருப்பான்."

ஆகஸ்ட் பிறந்தால் ஊருக்கு நிம்மதி போகும். ஒரு சுதந்திர தினத்தன்று கொடி ஏறியதும், "இதே நாளில்தான் பனாமா கால்வாயைத் திறந்தார்கள்" என்று அறிவித்தார். தலைமையாசிரியர் முறைத்தார். "கால்வாய்தான சார் மூத்தது? சுதந்திரம் பொறவுதான வந்துச்சு" என்றார் மைக்செட்டு.

ஆவணி முகூர்த்தம் ஒன்று ஆகஸ்ட் இருபத்தேழில் வந்தது. தாலி கட்டி, கெட்டிமேளம் ஓய்ந்த அடுத்த நொடி குழாய் அலறியது: "இதே நாளில் கிரகடோவா எரிமலை வெடித்தது!"

பெண்ணின் அப்பா பந்தலைத் தாண்டி ஓடி வந்தார். "ஏலே, வெளங்குவியா நீ?"

"என்னைய ஏன் மாமா ஏசுதிய? வெடிச்சது அதுல்லா?"

குழாய் கட்டினால் மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிச் சோதிப்பார்கள். இவர் என் மகள் செல்வியைத் தெருமுனைக் குழாய்க்குக் கீழே நிறுத்திவிட்டு, மைக்கில் ஒரு தேதியைச் சொல்லி, அன்று என்ன நடந்தது என்று கேட்பார். அவள் அங்கிருந்து பதிலைக் கத்த வேண்டும். கத்தினால் குழாய் வேலை செய்கிறது. நாலு வயதில் அவளுக்கு அ, ஆ தெரியாது. ஆகஸ்ட் முழுக்கத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் ஆடிப்பூரம் ஆகஸ்டில் வந்தது. தேர்வீதி முழுக்க மைக்செட்டின் குழாய்தான். அந்தக் கூட்டத்தில் செல்வி என் மனைவியின் கையை விட்டுவிட்டாள்.

காணாமல்போனவர்களை அறிவிக்க வியாபாரிகள் சங்கம் போட்ட பந்தலில், "பச்சைப் பாவாடை கட்டிய சிறுமி" என்று செயலாளர் திரும்பத் திரும்ப வாசித்தார். தேர்ச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. என் மனைவி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

மைக்செட்டு மைக்கைப் பிடுங்கினார். "ஏட்டி செல்வி! ஆகஸ்ட் ஆறு?"

"யோவ், இங்க என்ன பள்ளிக்கூடமா நடத்துத? குடுய்யா மைக்க!" செயலாளர் ஒயரைப் பிடித்து இழுத்தார்.

"செத்தப் பொறுங்க அண்ணாச்சி. பிள்ள பயந்துபோயி எங்கயோ நிக்கி. பேரு கேட்டாச் சொல்லாது, இதுக்குச் சொல்லும். ஏட்டி! ஆகஸ்ட் ஆறு?"

சற்று நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். இடுப்பில் செல்வி. வளையல் கடை ஓரத்தில் அழுதுகொண்டு நின்றவள் திடீரென்று, "குண்டு போட்டாங்க! குண்டு போட்டாங்க!" என்று கத்தியிருக்கிறாள். கடைக்காரர் பாதி வளையலை விட்டுவிட்டு ஓடியே போய்விட்டாராம்.

"எங்க பாப்பா குண்டு போட்டாங்க?" என்று போலீஸ்காரர் பதறினார்.

"ஜப்பான்ல" என்றாள் என் மகள்.

மைக்செட்டு அந்தப் பந்தலிலேயே அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அதற்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? கூட்டத்தில் பீதி கிளப்பினார் என்று சொல்லி அடுத்த வருஷத் தேருக்குச் சங்கம் அவரை வர விடவில்லை. நான் சண்டைக்குக் கிளம்பினேன். அவர்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "விடுல. பிள்ள கெடச்சிருச்சில்லா? வேற என்ன வேணும்?"

செயலாளரே, பெற்ற நாங்கள் செயலற்று நின்றபோது என் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனிதர் அவர். அன்று அந்த ஒயரை ஏன் இழுத்தீர்கள்? இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.