மாடியிலிருந்து போட்ட விளக்கு

மாகறல் திருவாளர் வீரபாகு சம்பந்தி அவர்களுக்கு, பிள்ளையார்பாளையம் தறிக்காரன் மாணிக்கவேல் கைகூப்பி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். "சம்பந்தி" என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன், மனம் வரவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று என் மகள் கீர்த்தி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆலம் சுற்றும்போது தட்டு சாய்ந்தும் கற்பூரத் தீ சாயாததைப் பார்த்துத் தாங்கள் வியந்தீர்கள். பி.எஸ்சி. படித்த பெண் சும்மா இருக்குமா? "பூமி கீழ இழுக்கறதாலதான் மாமா தீ மேல போவுது. கனமான குளிர்காத்து கீழ எறங்கி, லேசான சூட்டுக்காத்த மேல தள்ளுது. வெளக்கையே கீழ போட்டா, விழுற நேரத்துல தீ உருண்டையா, நீலமா நிக்கும்" என்றாள். "எங்க ஊர்ல தீ தானாதாம்மா மேல போவுது" என்றீர்கள் தாங்கள். சபை சிரித்தது. பெற்றவனுக்குப் பொறுக்குமா? அகல் விளக்கை ஏற்றிக் கண்ணாடி ஊறுகாய் ஜாடிக்குள் வைத்து மாடிக்கு ஏறினேன், கீழே தங்கள் பக்கத்து நால்வர் மெத்தையை விரித்துப் பிடித்தார்கள், மூடியைத் திருகிப் போட்டேன், உருண்டையாய் நீலமாய் வந்ததை எண்பது பேரும் பார்த்தோம், தாங்களே "அட, ஆமாம்பா!" என்று கைதட்டினீர்கள், அதற்குள் ஜாடி மெத்தையிலிருந்து எம்பித் தங்கள் மடியில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே தீ இல்லை. தங்கள் அக்கா அம்சவேணி அம்மாள், "நிச்சயத்தன்னிக்கே வெளக்கு அணைஞ்சிடிச்சிபா, இந்த சம்பந்தமே வாணாம்" என்று வேனில் ஏறிவிட்டார்கள். இடம் போய்விடுமென்று மற்றவர்களும் ஏறினார்கள்.

அது சகுனமல்ல, சம்பந்தி. பூமி செய்த வேலை. அதன்பின் பதினோரு விளக்குகளை அதே ஜாடியில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். பதினொன்றும் அணைந்தன. அவற்றில் எதற்கும் நாம் கல்யாணம் பேசவில்லையே! முகூர்த்தப் புடவை தறியில் பாதியில் நிற்கிறது. கீர்த்தி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை. பூமியின் குற்றத்துக்குப் பெண்ணைத் தண்டிக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், மாப்பிள்ளைக்கு ஆசி, அக்காவுக்கு மட்டும் இரண்டு நமஸ்காரம்.

இப்படிக்கு,
மாணிக்கவேல்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் கீர்த்தி ஒரு வீடியோவைக் காட்டினாள். மாப்பிள்ளை சிவராஜ் அன்று மாடியில் என் பக்கத்தில் நின்று எடுத்தது. இருவரும் தினமும் பேசிக்கொள்கிறார்களாம். மெதுவாக ஓட்டினால் தெரிகிறது: நான் மூடியைத் திருகிய கொஞ்ச நேரத்திலேயே, காற்றில்லாமல் தீ மாடியிலேயே அணைந்துவிட்டது. ஜாடி தலைகீழாகத்தான் விழுந்தது. எண்பது பேரும் பார்த்த நீல உருண்டை, ஜாடியின் நீல நிற வட்ட மூடி. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. பூமி நிரபராதி, பெண் நிரபராதி, விளக்கை அணைத்தவன் நான். அபசகுனம் நான்தான் என்று அக்காவிடம் சொல்லி, என்னை மட்டும் விலக்கிவிட்டுக் கல்யாணத்தை நடத்துங்கள். தாரை வார்க்க என் தம்பி உட்காரட்டும். நான் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கொள்கிறேன்.