அறுபத்து நான்கு சீருடையும் ஒரு சர்வரும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம், கடையில் தையல் மெஷின் ஏழும் நலம். நலமில்லாதது, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கைவைத்துவிட்டுப் போன, வாடிக்கையாளர் அளவெல்லாம் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சர்வர் ஒன்றுதான்.

"பழசாயிடுச்சு மாமா, அப்கிரேடு பண்ணிட்டா பறக்கும்" என்றீர்கள். பறந்தது மாப்பிள்ளை, என் மானம். திங்கட்கிழமை காலையில் பாதி நேரம் திரையில் வட்டம் சுற்றியது, மீதி நேரம் அதுவும் சுற்றவில்லை. உங்களுக்குப் போன் போட்டால் மீட்டிங் என்றீர்கள், மறுபடி போட்டால் மறுபடி மீட்டிங், இப்படி ஓயாமல் கூடிப் பேசுகிறவர்கள் வேலையை எப்போது செய்வீர்களோ தெரியவில்லை. ஃபேன் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து தூசி தட்டச் சொன்னேன், அதற்குப்பிறகு அது சுத்தமாக வேலை செய்யாமல் இருந்தது. மத்தியானம் தானாகவே மனமிரங்கி, சீருடைக்கு ஆர்டர் கொடுத்திருந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள் அறுபத்து நான்கு பேரின் அளவையும் காட்டியது. கட்டிங் மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "என்னண்ணே, எல்லாரும் ஒரேயடியா இளைச்சுட்டாங்க?" என்றார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? வெட்டுப்பா" என்றேன். வெட்டினார்.

மூன்றே நாளில் தைத்து, இஸ்திரி போட்டு அனுப்பினோம். மறுநாளே தலைமை நர்ஸ் மூட்டையோடு வந்துவிட்டார். "ஒருத்தியாலயும் பட்டன் போட முடியலைங்க. மூணு வருஷத்துக்கு முந்தின அளவுல தைச்சிருக்கீங்க. அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்க எங்களுக்கும்தான் ஆசை!" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வரும் புதன்கிழமைக்குள் சரியான அளவில் வராவிட்டால் ஆஸ்பத்திரி வேலை வேறு கடைக்குப் போய்விடுமாம். அது போனால் ஏழு மெஷினில் ஐந்தை மூடிப்போட வேண்டியதுதான். வெளியே கோபமாகக் காட்டிக்கொள்கிறேன், உள்ளே பயம்தான். படித்த பிள்ளை என்று பெண்ணைக் கொடுத்தோம், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் நீங்கள் படிக்கவில்லை. இனி உங்கள் நிழல்கூட அந்தப் பெட்டிமேல் படக்கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மீட்டிங்கில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். எங்கள் ஆசி என்றும் உண்டு, கோபம் அதற்குக் குறுக்கே வராது.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: இன்று இங்கே வந்திருக்கும் உங்கள் மனைவியிடமே இதைக் கொடுத்தனுப்ப நினைத்தேன், படித்துவிட்டாள். "அப்பா, திங்கக்கெழம அது எதாவது கேட்டுச்சா?" என்றாள். கேட்டது. புதியதை வைத்துக்கொள்வதா, பழைய நிலைக்கே போவதா என்றது. பழசுதான் நல்லது என்று அமுக்கினேன். எவ்வளவு பழசு என்று அது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் தனியே எடுத்துவைத்திருந்த நகலிலிருந்து பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்துவிட்டாள். மாஸ்டர் வெட்டத் தொடங்கியாயிற்று. கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறாள். இவ்வளவு நன்றாக வந்ததைக் கிழிக்க மனசு வரவில்லை, திட்டு வரும் இடங்களில் மட்டும் உங்களுக்குப் பதில் என்னை வைத்துப் படித்துக்கொள்ளவும். ஆனால் தலைமை நர்ஸிடம் தப்பு உங்களுடையது என்றே சொல்லிவிட்டேன். புதன்கிழமை சீருடைகளோடு நீங்களே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால் கடை பிழைக்கும். கொஞ்சம் உருக்கமாகக் கேட்கவும்.